வாரம் ஒரு பக்கம்: ஜெர்மன் பயின்ற மாணவி ஒருவரின் செய்திக் குறிப்பேடு

அயல்மொழி கற்பிக்கும் வகுப்புகளில், தொடக்க நிலையைக் கடந்த மாணவர்கள் வாரத்தில் ஒருநாள் நாட்டு நடப்பிலிருந்து ஒரு செய்தியைத் தேர்ந்து, அதன் சாரத்தையும் அதைப் பற்றிய தம் கருத்தையும் தாம் கற்கும் மொழியிலேயே ஒரு பக்க அளவில் எழுதிவரும் பயிற்சி நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஸ்ட்ராஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மொழித்திறன் பொதுச் சட்டகம், மொழியறிவை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பகுக்கிறது. அவற்றுள் மூன்றாம் படியாகிய பி1இல் மாணவர் தம் கருத்தைக் காரணத்துடன் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்றும், நான்காம் படியாகிய பி2இல் சமகாலச் சிக்கல்களைப் பற்றிய கட்டுரைகளைப் படித்து, அவற்றை எழுதியவர் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறார் என்பதையும் உணர வேண்டும் என்றும் அச்சட்டகம் எதிர்பார்க்கிறது. வாரக் குறிப்பு இவ்விரு படிகளையும் இணைக்கும் பயிற்சியாகும். அது மொழிப்பயிற்சியாகத் தொடங்கிச் செய்தியை வாசிக்கும் பயிற்சியாக மாறிவிடுவதும் உண்டு என்பதற்கு, சென்னையில் ஜெர்மன் பயின்ற மாணவி ஒருவரின் குறிப்பேடு நல்ல சான்றாகும்.

2015 ஆகஸ்ட் முதல் 2016 ஜூன் வரை எழுதப்பட்ட அக்குறிப்பேட்டுக்கு உரியவர் பொறியியல் பட்டம் பெற்றவர். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை என்பதால், அங்கு மேற்படிப்புக்குச் செல்லும் எண்ணத்தோடு மாலை வகுப்பில் சேர்ந்தவர். உடன் பயின்றோரில் பலரும் அவ்வாறு வந்தவர்களே. உலக அரசியலில் அவருக்குத் தனி ஆர்வம் இருந்ததில்லை. வாரக் குறிப்புக்கு அவர் முதன்மையாகப் பயன்படுத்தியது, 1953இல் தொடங்கப்பட்டு இன்று பான் நகரிலிருந்து இயங்கும் ஜெர்மனியின் அயலக ஒலிபரப்பாகிய டாய்ச்ச வெல்லேயின் ‘மெதுவாக வாசிக்கப்படும் செய்திகள்’ என்னும் தொகுப்பாகும். மொழி பயில்வோருக்காக அன்றாடச் செய்தியையே நிறுத்தி நிதானமாக வாசிப்பதும், வாசித்ததை எழுத்து வடிவிலும் தருவதும் அத்தொகுப்பின் இயல்பு. மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்த அம்மாணவி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் அதைக் கேட்டுக்கொண்டே வகுப்புக்கு வருவார். அதே பெட்டியில் பக்கத்து இருக்கைக்காரர் விரித்து வைத்திருக்கும் தமிழ் நாளிதழின் தலைப்புச் செய்தியும் கண்ணில் படும். இரண்டும் ஒரே உலகத்தைப் பற்றியவைதாமா என்ற ஐயம் அவருக்கு அங்கேயே எழுந்தது.

குறிப்பேட்டின் அமைப்பு ஆசிரியை வகுத்துத் தந்தது. நீள நோட்டின் இடப்பக்கத்தில் என்ன நடந்தது, எங்கே, எப்போது, அதைச் சொன்னவர் யார் என்பவை மட்டும் இடம்பெற வேண்டும். வலப்பக்கத்தில் மாணவரின் கருத்து வர வேண்டும். வேற்றுமை உருபுப் பிழைகளையும் வினைச்சொல்லின் இடப்பிறழ்ச்சியையும் சிவப்பு மையால் வட்டமிடும் ஆசிரியை, அவற்றைவிட அடிக்கடி இடப்பக்கத்தின் ஓரத்தில் எழுதிய கேள்வி ஒன்று உண்டு: ‘வேர் ஸாக்ட் டாஸ்?’ ‘இதைச் சொல்வது யார்?’ என்பது அதன் பொருள். இலக்கணப் பிழைகள் மாதந்தோறும் குறைந்துவந்தபோதும், இக்கேள்வி மட்டும் ஆண்டின் இறுதி வரை அப்பக்கங்களை விட்டு நீங்கவில்லை.

அவ்வாண்டு ஐரோப்பாவுக்கு எளிய ஆண்டாக அமையவில்லை. 2015 ஆகஸ்ட் 27 அன்று ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலை ஒன்றில் கைவிடப்பட்டிருந்த சரக்கு வண்டிக்குள் 71 அகதிகளின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆகஸ்ட் 31 அன்று பெர்லினில் செய்தியாளர்களைச் சந்தித்த பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல், அகதிகளை ஏற்கும் பொறுப்பை ஜெர்மனியால் நிறைவேற்ற முடியும் என்று கூறினார். செப்டம்பர் தொடக்கத்தில், புடாபெஸ்ட் ரயில் நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தோரை ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் தத்தம் எல்லைக்குள் அனுமதித்தன. மியூனிக் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களை உள்ளூர் மக்கள் உணவும் உடையும் தந்து வரவேற்ற காட்சிகள் உலகெங்கும் ஒளிபரப்பாயின. மாணவியின் முதல் குறிப்புகள் இவற்றைப் பற்றியவையாகவே அமைந்தன. அவற்றின் வலப்பக்கங்களில் மனிதநேயம், ஒற்றுமை, உலக அமைதி ஆகிய சொற்கள் நிரம்பியிருந்தன. பாடநூலின் பின்னிணைப்பில் கிடைக்கும் சொற்களைக் கொண்டு எந்தச் செய்திக்கும் எழுதிவிடக்கூடிய கருத்துகள் அவை.

இந்நிலையை மாற்றியது வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி. ‘உங்கள் மாநிலத்தில் அகதிகள் இருக்கிறார்களா? இருந்தால், அவர்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதி வாருங்கள்’ என்று ஆசிரியை அனைவரிடமும் பொதுவாகக் கேட்டுக்கொண்டார். 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள், இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முதலாகத் தமிழகமெங்கும் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்துவருவதை அறியாதவர் அவ்வகுப்பில் எவரும் இல்லை. ஆயினும் மியூனிக் ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்களுக்கு, மண்டபத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுவதற்குரிய விவரம் கைவசம் இல்லை. விவரம் தேடத் தொடங்கிய மாணவி அறிந்துகொண்ட செய்திகள் பல. அகதி என்பவர் யார், அவருக்குரிய உரிமைகள் யாவை என்று வரையறுக்கும் 1951ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே, முகாமில் பிறந்து வளர்ந்து கல்லூரி வரை சென்றவரும் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டவராகவே எண்ணப்படுகிறார். ஜெர்மனியிலோ அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோர்க்குப் புகலிடம் தரும் உரிமை, நாஜி ஆட்சியின் அனுபவத்தால், 1949ஆம் ஆண்டின் அரசமைப்பிலேயே இடம்பெற்றது. 1993இல் அவ்வுரிமைக்குப் பல வரம்புகள் விதிக்கப்பட்டன.

இத்தேடலில் இரண்டு வரலாறுகளும் ஓரிடத்தில் சந்தித்தன. 1980களில் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழ் இளைஞர்கள் பலர், கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் சென்று புகலிடம் கேட்டனர். பிளவுண்ட பெர்லினில், கிழக்கிலிருந்து மேற்குக்குள் வருவோரை மேற்குத் தரப்பு எல்லையில் நிறுத்திச் சோதிப்பதில்லை. நகரம் ஒன்றே என்னும் நிலைப்பாட்டை அது கைவிட விரும்பாததே காரணம். 1985இல் மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கிழக்கு ஜெர்மனி, உரிய நுழைவு அனுமதி இல்லாத இலங்கையர் இவ்வழியே செல்வதைத் தடுத்தது. 2015இல் தொலைக்காட்சியில் கண்ட காட்சி முப்பதாண்டுகளுக்கு முன்னரே தமிழ் பேசுவோருக்கு நேர்ந்த ஒன்று என்னும் செய்தி, அம்மாணவியின் வலப்பக்கத்திலிருந்து பொதுச்சொற்களை நீக்கிற்று. அவ்வாரக் குறிப்பில் மனிதநேயம் என்னும் சொல் இல்லை; ஒரு விமான நிலையத்தின் பெயரும், ஒரு ரயில் பாதையும், அப்பாதை மூடப்பட்ட ஆண்டும் இருந்தன.

எண்களைக் கையாளும் முறையும் இக்குறிப்பேட்டில் படிப்படியாக மாறிவந்தது. 2016 ஜனவரியில், முந்தைய ஆண்டு ஜெர்மனிக்கு ஏறத்தாழ 11 லட்சம் அகதிகள் வந்ததாக அரசு அறிவித்தது; அதே ஆண்டில் முறைப்படி பதிவான புகலிட விண்ணப்பங்களின் எண்ணிக்கையோ 4,76,649 மட்டுமே. முதல் எண், வந்தவர்களை மாநிலங்களுக்குப் பிரித்தனுப்புவதற்காகக் கணினியில் குறிக்கப்பட்ட பதிவுகளின் தொகை. ஒருவர் இரண்டு இடங்களில் பதிவானாலும், பதிவான பின் வேறு நாட்டுக்குச் சென்றாலும் அது குறையாது. இரண்டாம் எண், அலுவலகத்தில் அமர்ந்து விண்ணப்பம் கொடுத்து முடித்தவர்களின் தொகை. அலுவலகத்தில் வேலை தேங்கினால், வந்து சேர்ந்தவரும் அவ்வாண்டுக் கணக்கில் வரமாட்டார். 2016 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் இரட்டைப் பதிவுகளை நீக்கி, வந்தவர்கள் ஏறத்தாழ 8,90,000 பேர் என்று திருத்தியது. வகுப்பு முடிந்து பல வாரங்கள் கழிந்திருந்தும், மாணவி ஜனவரி மாதக் குறிப்பைத் திறந்து மூன்றாம் எண்ணையும் அதனருகே எழுதி வைத்தார். மூன்றும் மெய்யான எண்களே எனினும், அவை எதை எண்ணின என்பதைச் சொல்லாமல் மேடையில் எடுத்துரைத்தால் மூன்று வெவ்வேறு அரசியல்களுக்குப் பயன்படும் என்பது அப்பக்கத்தைப் பார்க்கும் எவருக்கும் விளங்கும்.

ஆசிரியையின் ஓரக்கேள்வி இலக்கணத்தோடும் தொடர்புடையது. பிறர் கூற்றை எடுத்துரைப்பதற்கென்றே ஜெர்மன் மொழியில் தனி வினைவடிவம் ஒன்று உண்டு. தமிழில் அதை அயற்கூற்று வினை எனலாம். ‘இருக்கிறது’ எனப் பொருள்படும் ‘இஸ்ட்’ என்னும் வினை, பிறர் சொன்னதைச் சொல்லும்போது ‘ஸை’ என்று மாறுகிறது. ‘அமைச்சர் கூறினார்’ என்று ஒருமுறை தொடங்கிவிட்டால், அடுத்து வரும் வாக்கியங்களில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வினைவடிவத்தைக் கண்டே அவை அமைச்சரின் கூற்று என்பதையும், அவற்றின் உண்மைக்குச் செய்தியாளர் பொறுப்பேற்கவில்லை என்பதையும் வாசகர் அறிந்துகொள்வார். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியபோது இவ்வடிவத்தின் பயன் வகுப்புக்கு விளங்கிற்று. புகைச் சோதனையின்போது மட்டும் மாசைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது, இது நடந்தது. செப்டம்பர் 23 அன்று பதவி விலகிய தலைமை நிர்வாகி மார்ட்டின் விண்டர்கோர்ன், தம் தரப்பில் தவறு எதையும் தாம் அறியவில்லை என்றார். இது அவர் கூற்று. முதலாவதை இயல்பு வினையிலும் இரண்டாவதை அயற்கூற்று வினையிலும் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே வினைவடிவத்தில் எழுதிய மாணவர்களுக்கு ஆசிரியை மதிப்பெண் குறைத்தார். மதிப்பெண்ணை விடவும், நீதிமன்றம் முடிவு செய்யாத ஒன்றைத் தாமே முடிவு செய்துவிட்டோம் என்னும் உணர்வே அவர்களிடம் தங்கிற்று.

தமிழிலும் இதற்கு வழியுண்டு. ‘வந்தாராம்’, ‘சொன்னாராம்’ என்று பேச்சில் நாள்தோறும் வழங்கும் ‘ஆம்’ என்னும் ஈறு, கேள்விப்பட்டதைக் கண்டதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆனால் நாளிதழ்களின் உரைநடை அவ்வீற்றை ஒதுக்கிவிட்டு, ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’ என்னும் தொடர்களை ஏற்றுக்கொண்டுள்ளது. அவற்றில் கூறியவர் இல்லை, தெரிந்துகொண்டவரும் இல்லை. மின்சார ரயிலில் படித்த தமிழ்ச் செய்திகளை இடப்பக்கத்துக்குக் கொண்டுவர முயன்றபோதெல்லாம் மாணவிக்குத் தடையாக நின்றவை இத்தொடர்களே. யாருடைய பெயரை எழுதி அயற்கூற்று வினையைத் தொடங்குவது என்று அவருக்குப் புலப்படவில்லை.

2015 டிசம்பர் முதல் வாரத்தின் குறிப்பு அந்நோட்டில் வேறுபட்டு நிற்கிறது. டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் அடையாற்றில் சேர்ந்தது. முடிச்சூர், கோட்டூர்புரம், சைதாப்பேட்டை ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. விமான நிலையம் மூடப்பட்டது. பணியாளர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குச் சென்று சேர இயலாததால், 1878இல் தொடங்கப்பட்ட ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்ற அந்நாட்களில், பிறர் துயரைத் தொலைவிலிருந்து எழுதிவந்த மாணவி, மாடி வீட்டுக்காரர் தந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தம் தெருவைப் பற்றிய குறிப்பை எழுதினார். வழக்கமான வலப்பக்கம் அவ்வாரம் வெறுமையாக இருந்தது. இடப்பக்கம் மட்டும் இரண்டு தாள்களுக்கு நீண்டது. தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, ஒரு பாக்கெட் பால் எவ்வளவுக்கு விற்றது, எந்தக் கடைக்காரர் விலையை ஏற்றவில்லை என்பவை அதில் இருந்தன.

மீண்டும் வகுப்பு நடந்தபோது, டாய்ச்ச வெல்லேயின் தொகுப்பில் சென்னையைப் பற்றி வந்திருந்த சில வரிகளை அவர் முதன்முதலாக எழுத்தில் பார்த்தார். அவ்வரிகளில் தவறு எதுவும் இல்லை. அவருடைய தெருவும் இல்லை. ‘எல்லோரும் பாதிக்கப்பட்டார்கள்’ என்று அவர் எழுதியிருந்த வாக்கியத்தின் ஓரத்தில் ஆசிரியை வழக்கமான கேள்வியோடு ‘எல்லோரும் என்றால் யார்?’ என்றும் எழுதினார். அதற்கு விடை தேடியபோதுதான், மாடியுள்ள வீட்டில் இருந்தவரின் வெள்ளமும் ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவரின் வெள்ளமும் ஒன்றல்ல என்பது குறிப்பில் இடம்பெற்றது. அடையாற்றங்கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பின்னர் நகருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. நாளிதழ்களின் முதற்பக்கங்களிலிருந்து வெள்ளம் மறைந்த பின் நிகழ்ந்த இதுவே அவர்களுக்குப் பெரிய நிகழ்வு. ஏரி எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டது என்னும் வழக்கிலும் அரசின் விளக்கம் ஒருபுறமும் வல்லுநர்களின் குற்றச்சாட்டு மறுபுறமும் இருந்தன. 2018இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, நீர்த்திறப்பைக் கையாண்ட முறையைக் குறை கூறியது. அதுவரை அக்கேள்வியைக் கூற்றுகளாக மட்டுமே எழுத முடிந்தது.

சென்னை நீரில் நின்ற அதே நாட்களில் பாரிஸில் பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. புவியின் சராசரி வெப்ப உயர்வை 2 டிகிரி செல்சியசுக்கு வெகுவாகக் கீழே நிறுத்துவது, 1.5 டிகிரிக்குள் கட்டுப்படுத்த முயல்வது என்னும் உடன்பாடு டிசம்பர் 12 அன்று ஏற்கப்பட்டது. ஒற்றை மழையைப் பருவநிலை மாற்றத்தின் விளைவென உடனே அறுதியிட்டுவிட முடியாது என்னும் எச்சரிக்கையுடன்தான் மாணவி இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதினார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதற்கும் ஏரிகள் மனைகளானதற்கும் பாரிஸில் எவரும் கையெழுத்திடத் தேவையில்லை என்னும் வாக்கியம், அவ்வாண்டில் அவர் எழுதியவற்றுள் ஆசிரியை திருத்தமின்றி விட்ட சிலவற்றுள் ஒன்று.

வாரத்துக்கு ஒருமுறை எழுதுவதால் வரும் நன்மையைக் கொலோன் நகர நிகழ்வு காட்டிற்று. 2015ஆம் ஆண்டின் கடைசி இரவில் அந்நகர ரயில் நிலையத்தை ஒட்டிப் பெண்கள் கூட்டமாகத் துன்புறுத்தப்பட்டனர். மறுநாள் காலை காவல்துறை வெளியிட்ட குறிப்பு, கொண்டாட்டம் பெரும்பாலும் அமைதியாக நடந்தது என்றது. புகார்கள் குவிந்து ஆயிரத்தைத் தாண்டின. நகரக் காவல் தலைவர் ஜனவரி 8 அன்று பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டாம் பொதுத் தொலைக்காட்சியாகிய இசட்.டி.எஃப்., ஜனவரி 4 மாலைச் செய்தியில் இதைச் சேர்க்காதது தவறு என ஒப்புக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரின் பிறப்பிடத்தைச் செய்தியில் குறிப்பிடலாமா என்னும் விவாதமும் இதனால் எழுந்தது. அதுபற்றிய பத்திரிகை நெறிமுறையை ஜெர்மன் பத்திரிகை மன்றம் 2017இல் திருத்தியமைத்தது. ஜனவரி 1 அன்றே எழுதியிருந்தால் மாணவியின் குறிப்பு அமைதியான கொண்டாட்டத்தைப் பற்றியதாகவும், 6 அன்று எழுதியிருந்தால் வெறும் சினமாகவும் அமைந்திருக்கும். வார இறுதியில் எழுதியதால், முதல் அறிக்கை எவ்வாறு பிழையாயிற்று என்பதே அதன் பொருளாயிற்று.

இப்பயிற்சிக்குக் குறைகளும் உண்டு. ஒரு நாட்டின் ஒலிபரப்பை மட்டும் நம்பியிருப்பவர் அந்நாட்டின் சாளரம் வழியாகவே உலகைப் பார்க்கிறார். இலங்கையே உடன்முன்மொழிந்த தீர்மானம் 2015 அக்டோபர் 1 அன்று ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையில் நிறைவேறியபோது, தமிழ் நாளிதழ்கள் அதை முதற்பக்கத்தில் வெளியிட்டன. மாணவி அவ்வாரம் கேட்ட ஜெர்மன் தொகுப்புகளில் அது அவர் காதில் விழவில்லை. தேர்வு நெருங்கியபோது மற்றொரு குறையும் தலைகாட்டிற்று. பி1 தேர்வில் கருத்தெழுதும் பகுதி ஏறத்தாழ 80 சொற்களைக் கொண்டது. அதற்கு இரு தரப்பையும் சொல்லி நடுவில் நின்று முடிக்கும் ஆயத்தச் சட்டம் ஒன்று பயிற்சி நூல்களில் உண்டு. 2016 ஏப்ரல், மே மாதக் குறிப்புகள் பலவும் அச்சட்டத்தில் வார்க்கப்பட்டவை. பனாமா ஆவணங்களும் பள்ளிச் சீருடையும் அவற்றில் ஒரே தொனியில் பேசப்பட்டன. ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்த செய்தியோடு நோட்டு முடிகிறது. அதில் மீண்டும் எண்ணும், எண்ணைச் சொன்னவரும் இடம்பெற்றிருப்பது ஆறுதல்.

இக்குறிப்பேடு காட்டும் முடிவு எளியது. கருத்துச் சொல்லும் மொழிவளம் ஒருவருக்கு எளிதில் வந்துவிடுகிறது. செய்தியைக் கூற்றிலிருந்து பிரித்து எழுதும் பழக்கம் எளிதில் வருவதில்லை, அதை யாரேனும் வற்புறுத்திக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. அவ்வற்புறுத்தலுக்கு அயல்மொழி வகுப்பு வாய்ப்பாக அமைந்தது தற்செயலே. கைபேசியில் வந்து விழும் செய்திகளைப் படித்தவுடன் பிறருக்கு அனுப்பிவிடும் இக்காலத்தில், தமிழகத்துக் கல்லூரிகளின் மொழித்துறைகள், தமிழ்த்துறை உட்பட, இப்பயிற்சியை முதலாண்டிலேயே தொடங்கலாம். வாரம் ஒரு பக்கம் போதும். இடப்பக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதைச் சொன்னவரின் பெயரை மாணவர் எழுத வேண்டும், பெயர் இல்லாத இடத்தில் ஆசிரியர் கேட்க வேண்டும்.